ஆவூருக்கு வந்த மாணவர்

(புதுக்கோட்டையில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கத்தோலிக்க மரபின் செவ்வியல் கல்வி எதற்காக ஏற்பட்டது, அதனால் என்ன பயன் என்று பேசும்படி அழைத்திருக்கிறீர்கள். தலைப்பைக் கேட்டவுடன் மனம் ரோமாபுரிக்கும் லத்தீனுக்கும் ஓடும். அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் வடபகுதியில், திருச்சிக்கு அருகே இருக்கிற ஆவூருக்குப் போனால் போதும்.

ஆவூரை உங்களில் பலர் பாஸ்காவுக்காகவும் தேருக்காகவும் அறிவீர்கள். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு பாராமல் சுற்றுப்பட்டி மக்கள் கூடும் திருவிழா அது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குருவான வெனான்சியுஸ் புஷே அங்கே மதுரை மிஷன் என்ற மறைபரப்புப் பணியின் ஒரு தளத்தை நிலைநிறுத்தினார். பின்னாளில் அதே தளத்தில் பணியாற்றியவர் கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. நாம் வீரமாமுனிவர் என்று அழைக்கிறோமே, அவர்தான்.

வீரமாமுனிவரைத் தமிழ்ப் புலவர் என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குருவின் கதை என்று பட்டியல் சொல்லிப் பாராட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். நான் வேறொன்று கேட்க விரும்புகிறேன். 1711இல் மதுரை மிஷனுக்கு வந்தபோது அவருக்கு வயது 30. தமிழில் ஓர் எழுத்தும் தாய்மடியில் கற்றவரல்லர். பதினைந்து ஆண்டுக்குள், 1726இல், 3,615 பாடல்கள் கொண்ட ஒரு காப்பியத்தை முடிக்கிறார். இது எப்படி முடிந்தது? மேதைமை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். மேதைமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேதைமையைப் பழக்கிய பள்ளி ஒன்று இருந்தது. அந்தப் பள்ளியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இத்தாலியில் மாந்துவா நகரத்துக்கு அருகே கஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் அவர் பிறந்தார். மாந்துவாவில் இயேசு சபையார் நடத்திய பள்ளியில் படித்தார். 1698இல் சபையில் சேர்ந்தார். பொலோஞ்ஞாவில் மெய்யியலும் இறையியலும் கற்றார். 1710இல் கோவாவில் வந்து இறங்கினார். அவர் படித்த பள்ளியின் பாடமுறை, 1599இல் இயேசு சபை வெளியிட்ட 'ராட்சியோ ஸ்டூடியோரும்' என்ற விதிநூலின்படி அமைந்தது. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் அந்த ஒரே நூலைப் பின்பற்றின. மெசினா நகரில் 1548இல் வெளி மாணவர்களுக்காகத் திறந்த முதல் பள்ளியிலிருந்து அரை நூற்றாண்டு நடத்திப் பார்த்து, தவறியதைத் திருத்தி, ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டு எழுதிய நூல் அது. கல்விக் கொள்கையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பள்ளியில் திணிக்கிற வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. இது நம் காலத்துக்கும் ஒரு பாடம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பள்ளியில் முதலில் மூன்று இலக்கண வகுப்புகள். அடுத்து இலக்கிய வகுப்பு. அதற்கு மேல் சொற்கலை வகுப்பு. அதன்பின் மூன்றாண்டு மெய்யியல். குருவாகப் போகிறவர்களுக்கு நான்காண்டு இறையியல். காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. மாணவர்களிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சபையின் விதி. கொடையாளர் தந்த நிலமும் வருமானமும் பள்ளியைத் தாங்கின.

வகுப்பில் என்ன நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இராது. நம் பாட்டன்மார் படித்த முறைக்கு அது வெகு நெருக்கம். ஆசிரியர் சிசரோவிலிருந்தோ வெர்ஜிலிடமிருந்தோ ஒரு சிறு பகுதியை உரக்க வாசிப்பார். முழுப் பொருளைச் சுருக்கிச் சொல்வார். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, வேறு சொல் போட்டால் என்ன கெடும், இவ்வாறு சொன்னதால் கேட்டவர் மனத்தில் என்ன எழுந்தது என்று விரிப்பார். மாணவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். மறுநாள் மனப்பாடம் ஒப்பிப்பார்கள். சனிக்கிழமை முழு வாரத்துக்கும் மறுபார்வை. அதற்குமேல் அந்தப் பகுதியை மாதிரியாக வைத்துத் தாங்களே எழுதவேண்டும். இரு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்கவேண்டும். ஆண்டில் சில நாள் மேடையேறி நாடகம் நடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி, அவ்வளவுதான் பாடம். ஆனால் அந்த ஐந்தாறு வரியும் உயிரோடு கலந்துவிடும்.

நம் திண்ணைப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஆத்திசூடியில் தொடங்கி, கொன்றை வேந்தன், உலகநீதி, நிகண்டு, பிறகு நன்னூல், காரிகை. சட்டாம்பிள்ளை முறை வைத்துக் கேட்பார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்து படி. ஐரோப்பியர் இலக்கணம், அளவையியல், சொற்கலை என்று மூன்று படி வைத்தார்கள். எண்ணிக்கை வேறு, நோக்கம் கிட்டத்தட்ட ஒன்று. மொழியை ஒழுங்காகக் கற்றவன் எண்ணத்தை ஒழுங்காக வைப்பான். எண்ணத்தை ஒழுங்காக வைத்தவன், தான் கண்ட உண்மையைப் பிறர் ஏற்கும்படி பேசுவான். இரண்டு மரபும் இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தவை.

ஆகவே பெஸ்கி தமிழ்நாட்டுக்கு வந்தபோது அவருக்கு முற்றிலும் புதிதாக ஒன்றும் எதிர்ப்படவில்லை. பழம்பெரும் நூல்களை வரிவரியாகப் பிரித்துப் படிப்பது, உரையாசிரியரை நம்பி நடப்பது, மனப்பாடம் செய்வது, யாப்பின் கட்டுக்குள் எழுதிப் பழகுவது, எல்லாம் அவர் சிறுவயதில் பழகியவை. புதிதாக அவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றே. முப்பது வயதுக் குரு, இறையியல் முடித்தவர், மறுபடியும் ஒரு தமிழாசிரியர் முன் கைகட்டி உட்காரவேண்டும். உட்கார்ந்தார். அந்தக் கல்வியின் முழு மதிப்பும் எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. தன்னை நிறைந்த குடம் என்று நினைக்காத மனிதனை அது உண்டாக்கியது. மீண்டும் மாணவனாகத் தெரிந்தவனையே நான் படித்தவன் என்று சொல்வேன்.

அவர் எழுதிய தொன்னூல் விளக்கத்தைப் பாருங்கள். ஐந்திலக்கணமும் சொல்கிற நூல். எழுத்திலும் சொல்லிலும் முன்னோர் வழியைப் பின்பற்றுகிறார். பொருளதிகாரத்துக்கு வரும்போது அகம், புறம் என்ற பழைய பாதையை விட்டு விலகி, ஒரு கருத்தை எப்படித் தொடங்குவது, எப்படிக் காரணம் காட்டி நிறுவுவது என்ற சொற்கலைச் செய்திகளையும் கொண்டுவந்து சேர்க்கிறார். மாந்துவா வகுப்பறையில் கேட்டது தமிழ்ச் சூத்திரத்துக்குள் நுழைகிறது. இதைத் தமிழறிஞர் எல்லோரும் ஏற்கவேண்டும் என்பதில்லை. அகப்பொருளை ஒதுக்கியது தமிழுக்கு ஓர் இழப்பு என்று சொல்பவரோடு நானும் உடன்படுவேன். திருக்குறளை லத்தீனில் பெயர்த்தபோதும் அறத்தையும் பொருளையும் மட்டும் எடுத்துக்கொண்டு இன்பத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியின் தயக்கம் அது. ஆனாலும் கற்றதைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் புதிய மண்ணில் ஊன்றிப் பார்க்கிற துணிவு அந்த நூலில் இருக்கிறது.

சதுரகராதி 1732இல் முடிந்தது. அதுவரை சொற்பொருள் தேடுவோர் நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதியாக, அகர வரிசையில் சொற்களை நிறுத்தினார். ஆசான் பக்கத்தில் இல்லாத ஏழை மாணவனும் எழுத்தறிவு இருந்தால் தானே தேடிக்கொள்ளலாம். மனப்பாட மரபில் ஊறியவர், மனப்பாடம் செய்ய முடியாதவனுக்காக ஒரு நூல் செய்கிறார். பரமார்த்த குருவின் கதையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். குரு சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு, பொருளை எண்ணிப் பார்க்காமல் நடந்து எல்லாவற்றையும் கெடுக்கிறவர்கள். குழந்தைகளைச் சிரிக்க வைக்கிற கதை என்று விட்டுவிடுகிறோம். ஆசிரியர்கள் அதை ஆண்டுக்கு ஒருமுறை படிக்கவேண்டும் என்பேன். ஒப்பிப்பது மட்டும் கல்வியானால் கடைசியில் கிடைக்கிற மாணவர் எப்படி இருப்பார் என்று அதில் எழுதியிருக்கிறது.

இப்போது கத்தோலிக்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த அரங்கில் பல சமயத்தவர் இருக்கிறீர்கள். ஒளிக்காமல் பேசுவதுதான் மரியாதை. பெஸ்கி இலக்கியம் வளர்க்கக் கப்பலேறி வரவில்லை. மறைபரப்ப வந்தார். அந்தக் கல்வியின் இறுதி நோக்கம் மனிதனை இறைவனிடம் கொண்டுசேர்ப்பது. அறிவு அதற்கு வழி. இதை மூடி மறைத்து, பொது ஒழுக்கம், ஆளுமை வளர்ச்சி என்று மட்டும் பேசுவது அந்த மரபுக்கும் நியாயம் செய்யாது, உங்களுக்கும் செய்யாது.

ஆனால் அந்த நோக்கத்திலிருந்தே ஒரு பெரிய விரிவு பிறக்கிறது. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த புனித அகுஸ்தீனார், உண்மை எங்கே காணப்பட்டாலும் அது ஆண்டவருடையதே என்று வாதிட்டார். பிற சமயத்தார் எழுதிய நூலில் நல்லது இருந்தால் அதற்கு அஞ்சி ஓடவேண்டாம் என்றார். அதனால்தான் கிறிஸ்தவப் பள்ளியில் கிறிஸ்துவை அறியாத வெர்ஜில் பாடமானார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், கிரேக்கரான அரிஸ்டாட்டிலையும் அவருக்கு உரை கண்ட முஸ்லிம் அறிஞர்களான இப்னு சினாவையும் இப்னு ருஷ்தையும் மேசையில் வைத்துக்கொண்டு இறையியல் எழுதினார். அவருடைய பெருநூலின் அமைப்பே ஒரு கல்வி. ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தம் கருத்துக்கு எதிரான வாதங்களை எடுத்துவைப்பார். எதிராளியே வந்து பேசினாலும் இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது என்கிற அளவுக்கு நேர்மையாக வைப்பார். பிறகே தம் முடிவு. அதன்பின் ஒவ்வோர் எதிர்வாதத்துக்கும் தனித்தனி விடை.

சைவம் பயின்றவர்களுக்கு இது பழகிய வழிதான். சிவஞான சித்தியாரில் பரபக்கம் முன்னே, சுபக்கம் பின்னே. மணிமேகலை சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கிறாள். பிறர் கட்சியைக் கேட்டு முடித்தபிறகு தன் கட்சியைச் சொல்வது தமிழர் வாத மரபு. இன்று கைப்பேசியைத் திறந்தால் எதிராளியின் பேச்சில் அரைவாக்கியத்தை வெட்டி எடுத்துப் பழிக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பேசக் கற்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதற்காகவே செவ்வியல் கல்வி திரும்பி வரவேண்டும் என்று நான் வாதிடுவேன்.

இந்த மரபு தன் விதியை எப்போதும் தானே காத்ததா என்றால், இல்லை. வீரமாமுனிவரே தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து எழுதிய நூல்களில் கடுஞ்சொல் நிறைய உண்டு. பேதகமறுத்தல் படித்தவர்கள் அறிவார்கள். தேம்பாவணியின் இனிமையை எழுதிய அதே கை. கல்வி பகையைத் தானாகக் கரைத்துவிடாது.

அதைவிடக் கனமான குறை சாதி. மதுரை மிஷன், உயர்ந்ததாகக் கருதப்பட்ட சாதியாருக்கு ஒருவகைக் குருவும் மற்றவர்க்கு வேறுவகைக் குருவும் என்று பிரித்தே வேலை செய்தது. அந்தப் பிரிவினை கோவிலுக்குள்ளும் சுவராக எழுந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில், இரண்டு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் பூசை காணும்படி இரு சிறகாகக் கட்டிய கோவில் ஒன்று இருந்தது. அந்தத் தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. லத்தீனும் இறையியலும் முறையாகக் கற்ற குருக்கள் அத்தனை காலம் அதற்கு உடன்பட்டுப் போனார்கள். பெண்களின் நிலையும் அப்படியே. 1599இன் விதிநூல் ஆண்பிள்ளைகளை மட்டுமே மனத்தில் வைத்தது. நம் ஊரில் முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானே தலையிடவேண்டியிருந்தது. திருச்சியில் பெண்களுக்கென்று சிலுவைக் கன்னியர் ஹோலி கிராஸ் கல்லூரியைத் தொடங்கியது 1923இல். செவ்வியல் கல்வியைப் போற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேசவேண்டும். இல்லையென்றால் நம் பேச்சை எந்த ஏழைத் தாய் நம்புவாள்?

அதே வடக்கன்குளத்துக்கு 1940இல் இன்னொருவர் வந்தார். சேவியர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துத் தீவான ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்புக் குருமடம், பிறகு ரோமாபுரி. அங்கே கார்த்தேஜ் நகரத்துப் புனித சிப்ரியானின் காலத்துக் குருக்களைப் பற்றி ஆய்வு செய்தார். பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான், தம் சொந்த மொழியின் இலக்கியம் தமக்குத் தெரியாது என்ற உணர்வு அவரைச் சுட்டது. பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். 1945இல், முப்பத்திரண்டு வயதில், ரோமாபுரியில் ஆய்வு முடித்த குரு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆய்ந்தார். பிறகு லண்டனில் முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை. 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாவதற்கும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடப்பதற்கும் அவர் முன்னின்றார்.

பெஸ்கியையும் தனிநாயகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவர் அயல்நாட்டார், தமிழுக்கு வந்தார். மற்றவர் தமிழர், தமிழுக்குத் திரும்பினார். இருவரும் முப்பதைத் தாண்டிய வயதில் மாணவரானார்கள். இருவருக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரு பழைய மொழியை ஆழமாகக் கற்றவனுக்கு இன்னொரு பழைய மொழியின் மதிப்பு தெரியும். வெர்ஜிலைக் கற்றுத் தேறியவன் கம்பனை எளிதாகத் தாண்டிப் போக மாட்டான்.

இந்த மனப்பாங்கு மதுரை மிஷனில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, 1610இல் எழுதிய கடிதத்தில், மதுரையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பல ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள் என்று வியக்கிறார். ஆவூர் புஷே, பின்னாளில் 1714இல், இந்நாட்டார் நீதி வழங்கும் முறையைப் பற்றிப் பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். எழுதி வைத்த சட்டப் புத்தகம் இல்லை, ஆனால் வழிவழியாக வாய்மொழியில் நிற்கும் நெறிகள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு நியாயம் தீர்க்கிறார்கள் என்று எடுத்துக்காட்டோடு விளக்கினார். ரோமானியச் சட்டத்தின் நாட்டிலிருந்து வந்தவர், நம் ஊர்ப் பஞ்சாயத்தின் வாய்மொழியைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

கற்றலில் இந்தக் கொடுக்கல் வாங்கல் தமிழர் பக்கமும் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். புதுவையைச் சேர்ந்த சவராயலு நாயகர் என்ற கிறிஸ்தவருக்கு அவர் பாடம் சொன்னார். கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் நட்பைப் போற்றிக் குளத்துக்கோவை பாடினார். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய அந்த வேதநாயகம் பிள்ளைதான், பெண்கள் படிக்கவேண்டும் என்று பெண்மதி மாலையில் 1869இலேயே வற்புறுத்தியவர். நல்ல ஆசானுக்கு மாணவனின் தகுதி ஒன்றே கேள்வி.

சரி, இதெல்லாம் பழங்கதை, என் பிள்ளைக்கு நீட் இருக்கிறது, வேலை வேண்டும் என்று ஒரு பெற்றோர் கேட்பார். கேட்பது நியாயம். எங்கள் குடும்பங்களின் வறுமையை நானும் அறிவேன். அதற்கு நான் ஒரு மனிதரைக் காட்டுவேன். ராமேசுவரத்தில் பிறந்த முஸ்லிம் இளைஞர் ஒருவர் 1950இல் திருச்சி புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையார் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாற்றிய கல்லூரி அது. அவர் படித்தது இயற்பியல். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் நினைவுகூர்வது என்ன? ஆங்கிலம் கற்பித்த, விடுதிக் காப்பாளராகவும் இருந்த அருள்தந்தை செக்வேரா, இரவுதோறும் கையில் விவிலியத்தோடு ஒவ்வொரு மாணவனையும் பார்த்துவிட்டுப் போவாராம். இறுதியாண்டில் டால்ஸ்டாய், ஸ்காட், ஹார்டி ஆகியோரின் பெருநூல்களில் தமக்கு ஈடுபாடு வந்ததையும், மெய்யியல் நூல்கள் படித்ததையும் எழுதுகிறார். ஏவுகணை செய்த அப்துல் கலாமின் வாழ்க்கையில் இலக்கியமும் மெய்யியலும் வீணான சுமையாக இருந்தனவா? அவர் எந்த மேடையிலும் ஒரு மாணவனைப்போலவே கேள்வி கேட்டார், கேட்கவும் வைத்தார்.

ஒவ்வொரு மாணவனையும் தனியாக அறிந்து கவனிப்பது இயேசு சபைக் கல்வியில் பழைய விதி. பாடத்தைவிட இது கடினம். ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்யமுடியாது. 11ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாண்டும் 12ஆம் வகுப்பு வினாக்களையே அரைத்துக் கொடுக்கிற பள்ளியில் இதை நினைத்தே பார்க்கமுடியாது. அத்தகைய பள்ளிகளில் சில, புனிதர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். பெயர்ப்பலகையில் புனிதரும், உள்ளே வினாவங்கியும் இருந்தால் அது கத்தோலிக்கக் கல்வி ஆகாது. இங்கே அமர்ந்திருக்கும் அருள்தந்தையரும் அருள்சகோதரிகளும் இதைத் தாங்கிக்கொள்ளவேண்டும். உரிமையோடுதான் கேட்கிறேன்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் கத்தோலிக்கச் செவ்வியல் பள்ளிகள் புதிதாகத் தோன்றி வருகின்றன. லத்தீன், அளவையியல், பெருநூல்கள் என்று மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் முயற்சியை மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய பாடப்பட்டியலை அப்படியே இறக்கி ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் நடத்தினால், வீரமாமுனிவர் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்தவர்கள் ஆவோம். நமக்குச் செவ்வியல் மொழி வீட்டிலேயே இருக்கிறது. லத்தீன் விரும்புகிற பிள்ளை கற்கட்டும், குருமடத்தில் கட்டாயம் கற்கட்டும். மற்றவர்க்குத் திருக்குறளும் புறநானூறும் சிலம்பும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் இருக்கின்றன. அவற்றை மதிப்பெண்ணுக்காக ஐந்து மதிப்பெண் வினா, இரண்டு மதிப்பெண் வினா என்று துண்டாடாமல், மாந்துவாவில் வெர்ஜிலைப் படித்ததுபோல் நாளுக்கு ஐந்து வரி என்று படிக்கவேண்டும்.

நம் மாவட்டமே ஒரு பாடநூல். குடுமியான்மலையில் பாறையில் வெட்டியிருக்கிற இசைக் கல்வெட்டு 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்பர். சுரங்களை வரிசைப்படுத்திய அந்தக் கல்வெட்டின் முடிவில், உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணாக்கர் நன்மைக்காக இதைச் செய்தான் என்று பொறித்திருக்கிறது. ஓர் அரசன் தன் பெயரைச் சொல்லாமல், தான் இன்னாரின் மாணவன் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறான்! ஐரோப்பியச் செவ்வியல் கல்வியில் கணக்கோடும் வானியலோடும் இசையும் கட்டாயப் பாடம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பாறை முன் நின்றிருக்கிறார்கள்? சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போகிறோம், படம் எடுக்கிறோம், திரும்புகிறோம். சமணத் துறவியர் அந்தக் குகையில் எதைத் தேடி இருந்தார்கள் என்று கத்தோலிக்கப் பள்ளி மாணவன் ஒருவன் எழுதிப் பார்க்கட்டும். அகுஸ்தீனார் அதற்குத் தடை சொல்லமாட்டார்.

1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை இங்கே இருக்கும் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் வயல்வேலை செய்த பெண்களும் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்று முதல் தலைமுறையாக எழுத்துக் கூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வினாவங்கி போதும், பெருநூல்கள் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு என்று யாராவது நினைத்தால் அதை நான் ஏற்கமாட்டேன். கட்டணம் வாங்காத பள்ளிகளில்தான் இந்தக் கல்வி வளர்ந்தது. ஏழையின் பிள்ளைக்கு இது முதலில் சேரவேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது என்று தலைமையாசிரியர் ஒருவர் இங்கு வருமுன் என்னிடம் கேட்டார். வருகிற ஜூன் மாதம் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு பாடவேளை, தேர்வில்லாமல், ஒரே நூல். ஆசிரியர் உரக்க வாசிக்கட்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும், மனப்பாடம் செய்யட்டும், அதேபோல் எழுதிப் பார்க்கட்டும். பட்டிமன்றத்தில் ஒரு விதி வையுங்கள். எதிரணி சொன்னதை எதிரணியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்னபிறகுதான் மறுக்கவேண்டும். ஆசிரியர்களும் மாதம் ஒருநாள் கூடி, தங்களுக்குத் தெரியாத ஒரு துறையை யாராவது ஒருவரிடம் பாடம் கேளுங்கள். கணித ஆசிரியர் நன்னூல் கேட்கட்டும், தமிழாசிரியர் வானியல் கேட்கட்டும். பிள்ளைகள் கண்முன்னே நடந்தால் இன்னும் நல்லது. இதற்கு அரசாணை வேண்டியதில்லை, நிதியும் பெரிதாக வேண்டியதில்லை. நேர அட்டவணையில் இடம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் சிக்கல். அதை உங்களோடு உட்கார்ந்து பேசவே இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் பள்ளிகளின் அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர்கள் முன்னே வாருங்கள், கேள்விகளை அங்கிருந்தே தொடங்குவோம்.